மேஜரைக் கட்டிய தூண்

முதலில் நடந்ததை வரிசைப்படி எழுதிவிடுகிறேன்.

1. காலை எட்டே முக்காலுக்கு எங்கள் நாய் மேஜரை ஆட்டுக்கொட்டில் தூணில் கட்டினேன்.

2. ஒன்பது மணிக்கு, முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட கடாவைக் கோயிலுக்கு நடத்திப் போனோம்.

3. ஒன்பதரைக்குப் பூசாரி கடாவின் தலையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கடா சிலிர்க்கவில்லை.

4. இரண்டாவது சொம்பு ஊற்றினார். சிலிர்க்கவில்லை.

5. நாய் வந்தது. தூண் வந்தது. தூணுக்குப் பின்னால் பத்து ஆடுகள் வந்தன.

6. மூன்றாவது சொம்பு ஊற்றினார். சிலிர்த்தது. சிலிர்த்தது கடா அல்ல.

7. காயம்: யாருக்கும் இல்லை. சேதம்: ஒரு ஆட்டுக்கொட்டில், மூன்று சீப்பு வாழைப்பழம், சாமிக்குப் படைத்த அவல், எங்கள் அத்தை வரக்காப்பொலயிலிருந்து கொண்டுவந்த நாலடுக்குக் கேரியர்.

கேரியருக்கு உண்மையில் ஒன்றும் ஆகவில்லை. வெறுமையாக வந்தது, வெறுமையாகத் திரும்பிப் போனது. ஆனால் அதையும் சேதத்தில் சேர்க்காவிட்டால் என் அறிக்கை செல்லாது என்று அத்தை சொல்லிவிட்டார்.

இதில் எட்டாவதாக ஒரு வரி இருக்கிறது. அதைப் படிவத்தின் எந்தப் பெட்டியில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் கட்டட வேலைத்தளங்களில் பாதுகாப்பு உத்தியோகத்தராக இருக்கிறேன். எது எப்படித் தவறிப் போகக்கூடும் என்று, தவறிப் போவதற்கு முன்னால் எழுதிவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மேலே உள்ளது நடந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. டிப்ளோமா முடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. உலகத்தில் உள்ள எந்த ஆபத்தையும் ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு அடக்கிவிடலாம் என்று அப்போது நம்பினேன். வீட்டுக் குசினிக் கதவில் ‘வழுக்கும் தரை’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். (“மண் தரை எங்கடி வழுக்கும்?” என்று அம்மா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அறியாதவர்களுடன் வாதாடக் கூடாது என்று நினைத்திருக்கிறேன்.)

மேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

துருக்கி நாட்டு மலைகளில் ஆட்டுமந்தைக்குக் காவல் இருக்கும் இனம் அது. கலவானயிலிருந்து உள்ளே போகும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அதைக் குட்டியாகக் கொண்டுவந்தவர் அப்போதிருந்த பெரிய தொரை. வரும்போது அவருடைய தொப்பிக்குள் அடங்கியதாம். ஒரு வருடத்தில் பங்களாவின் சோபாவுக்குள் அடங்கவில்லை. தொரைக்குக் கொழும்புக்கு மாற்றல் வந்தது. எட்டாவது மாடியில் வீடு. பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த என் அப்பாவிடம் நாயை விட்டுவிட்டுப் போனார். “நல்ல நாய் செல்லையா. சொன்னாக் கேக்கும்” என்றாராம்.

கேட்கும் என்பது உண்மைதான். ‘வா’ என்றால் கேட்கும். தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும். தான் வருவதால் ஆடுகளுக்கு என்ன நன்மை என்று யோசிக்கும். நன்மை ஏதும் தெரியாவிட்டால் தலையை மறுபடி முன்னங்கால்மேல் வைத்துக்கொள்ளும். பந்து எறிந்தால், எறிந்தவரே போய் எடுத்துவரட்டும் என்று இருந்துவிடும். அதற்குக் கோபமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. எங்கள் வீட்டில் மிகவும் நிதானமாக முடிவெடுக்கும் ஆள் அதுதான்.

மணல் நிற உடம்பு, கரி பூசியது போன்ற முகம். நின்றால் முதுகு அம்மாவின் இடுப்புக்கு வரும். ஒருமுறை கொழுந்து நிறுக்கும் தராசில் சாக்கோடு தொங்கவிட்டு நிறுத்தோம். ஐம்பத்தெட்டுக் கிலோ. (“ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிக்கணும்” என்றார் கணக்கப்பிள்ளை. பழக்க தோஷம்.)

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அப்பாவின் ஆட்டுக்கொட்டில். மேஜர் வருமுன் தெருநாய்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று குட்டிகளைத் தூக்கிப் போய்விடும். மேஜர் வந்த முதல் நாள் கொட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தது. ஒவ்வோர் ஆட்டையும் முகர்ந்து பார்த்தது. பிறகு வாசலில் படுத்துக்கொண்டது. அன்றோடு குட்டி காணாமல் போவது நின்றது. எங்களை அது மந்தையில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஆடுகளுக்கு வேலை செய்யும் ஆட்கள் என்ற அளவில் பொறுத்துக்கொண்டது.

ஒரே சிக்கல், ஆடு விற்கும் நாள். அன்றைக்கு அப்பா மேஜரைக் குளிப்பாட்டவென்று ஓடைக்குக் கூட்டிப்போய்விடுவார். திரும்பி வந்து ஒரு தலை குறைவதைக் கண்டால் அது மூன்று நாள் சோறு தொடாது. மூன்று நாளும் அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். ஆடு விற்ற காசில் வாங்கிய எதையும் அந்த மூன்று நாளும் அப்பாவால் நிம்மதியாகச் சாப்பிட முடிந்ததில்லை.

இனி கடாவின் கதை.

அதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு மத்தியானம், மேய்க்கப் போன ஆடுகள் வரிசையாக வீட்டுக்கு வந்தன. கடைசியில் மேஜர் வந்தது. அப்பா வரவில்லை. அம்மா ஆடுகளை எண்ணினார். மேஜரைப் பார்த்தார். மேஜர் தன் வேலை முடிந்தது என்ற முகத்தோடு படுத்துக்கொண்டது. அப்பா, புல் மூடிக் கிடந்த பழைய மாணிக்கக் குழி ஒன்றுக்குள் இடுப்பெலும்பு உடைந்து கிடந்தார். லயத்து ஆட்கள் தேடிப்போய் எடுக்க நாலு மணிநேரம் ஆயிற்று. (“எட்டிப் பாத்துச்சு பாப்பா. பாத்துட்டு ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போயிருச்சு” என்று அப்பா பிற்பாடு சொன்னார். அதில் வருத்தத்தை விட மரியாதைதான் கூடுதலாக இருந்தது.)

இரத்தினபுரி ஆஸ்பத்திரி வாசலில் நின்று அம்மா முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டார். வீட்டில் அன்று காலைதான் ஒரு கறுப்புக் கடாக்குட்டி பிறந்திருந்தது. “அவர எந்திரிச்சு நடக்க விடு சாமி. அந்தக் குட்டி உனக்கு.”

அப்பா நாலு மாதத்தில் கோல் ஊன்றி நடந்து வந்தார். குட்டிக்குத் தாய் பால் கொடுக்கவில்லை. நான் புட்டியில் கொடுத்தேன். மற்ற எல்லாவற்றையும் மேஜர் பார்த்துக்கொண்டது. நக்கித் துடைப்பது, மழையில் தன் வயிற்றோடு அணைத்துப் படுப்பது, மேயப் போகையில் குட்டி பின்தங்கினால் நின்று காத்திருப்பது எல்லாம். சாமிக்கு விட்டதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொன்னதால், அது சாமிக்கடா என்றே வளர்ந்தது.

முதல் வருடம் சொந்தத்தில் ஒரு சாவு. தீட்டு. இரண்டாம் வருடம் என் கடைசிப் பரீட்சை. நேர்த்திக்கடன் தள்ளிப் போனது. அம்மாவின் மனதில், அது முடியும்வரை அப்பா இரவல் காலில்தான் நடந்துகொண்டிருந்தார்.

“என்னாங்க, கால் இழுக்குதா?”

“மழ வரப்போகுது லெச்சுமி. எல்லாருக்குந்தான் இழுக்கும்.”

“எனக்கு இழுக்கல.”

“நீ குழியில விழலியே.”

“சொன்னதச் செய்யாம வச்சிருக்கோம். அதான் இழுக்குது.”

இதை நான் அப்போது ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அப்பா மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போனால், திரும்பி வரும்வரை அம்மா கதவைப் பிடித்துக்கொண்டே நிற்பார். உலை கொதித்து வழிந்தாலும் அசையமாட்டார். கோல் கல்லில் தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் குசினிக்குள் போவார். மூன்று வருடம் அப்படி நின்றார். அதை நான் எந்தத் தாளிலும் எழுதிவைக்கவில்லை.

மூன்றாம் வருடம் ராமையா பூசாரி வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்பவர். பேசும்போதும் எதையோ உதறிப் போடுவது போலக் கையை ஆட்டுவார்.

“தங்கச்சி, இந்த வருசமும் தள்ளுனா சாமிக்கு நான் என்னா சொல்றது?”

“முடிச்சிருவோம்ண்ணே. இந்த வருசம் முடிச்சிருவோம்.”

“அப்ப அந்த மாட்ட என்னா பண்றது?” என்று வாசலைப் பார்த்தார். (மேஜரை அவர் நாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.) ஓடைக்குக் கூட்டிப்போகும் பழைய வழி இனி சரிவராது. அப்பாவால் அந்த இறக்கத்தில் நாயோடு இறங்க முடியாது. தவிர, நேர்த்தியே அவருக்காக. அவர் கோயிலில் நிற்க வேண்டும்.

“அத நான் பாத்துக்கிறேன் மாமா” என்றேன்.

அன்றே ஆபத்து மதிப்பீடு எழுதி, கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஆபத்து: நாய் பின்தொடர்ந்து வருதல். விளைவு: சடங்கு தடைப்படுதல். கட்டுப்பாடு: தகுந்த உபகரணத்தால் கட்டிவைத்தல். பொறுப்பு: நான். தகுந்த உபகரணம் என்று நான் குறிப்பிட்டது, உயரத்தில் வேலை செய்பவர்கள் உடம்பில் மாட்டும் செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புப் பட்டி. வேலைத்தளத்தில் பாவனைக் காலம் முடிந்து கழித்துப் போட்டதை, கேட்டு எடுத்துவந்தேன். ஆறாவது மாடியிலிருந்து விழும் ஆளைத் தாங்கும் பொருள். அதைத் தாங்கும் கயிறும் கூடவே இருந்தது.

அன்று காலை மேஜருக்கு அதை மாட்டினேன். கால்களுக்கு வருவதை முன்னங்கால்களில் விட்டு, நெஞ்சில் கொக்கியைப் பூட்டி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் பார்த்தேன். அது எதிர்க்கவில்லை. சாரத்தில் ஏறக் காத்திருக்கும் அனுபவமுள்ள வேலையாளைப் போல நின்றது. கோழிக்கால் போட்டு அவித்த சோறு ஒரு சட்டி நிறைய வைத்தேன். கயிற்றைக் கொட்டிலின் நடுத்தூணில் கட்டினேன். தூண் என் தொடைப் பருமன் இருந்தது.

அப்பா கோலை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, அந்தத் தூணு…”

“அப்பா, இந்தப் பட்டி எவ்வளவு பாரம் தாங்கும்னு தெரியுமா?”

அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். கயிற்றின் பலத்தையும் சொன்னேன். கொக்கி எந்த உலோகம் என்றும் சொன்னேன். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அந்தத் தூண் ரப்பர் மரம். மண்ணில் நட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ரப்பர் மரத்தை மண்ணில் நட்டால் அடி என்ன ஆகும் என்று எங்கள் தோட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். வேலைத்தளத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் நான் ஆட்களை நிறுத்திவைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: “பெல்ட் பலமா இருந்தாப் போதுமா? அத எதுல மாட்டப் போறீங்க?” அந்தக் கேள்வியை அன்று நான் என்னிடம் கேட்கவில்லை. மேஜர் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நம்பர் மலையின் அடியில், பெரிய ஆலமரத்தின் கீழே முனியாண்டி கோயில். ஒரு கல், ஒரு சூலம், கல்லுக்குச் சுற்றிய சிவப்புப் பட்டு. நாங்கள் போனபோது நாற்பது பேர் வரை கூடியிருந்தார்கள். தப்படித்தார்கள். வாழை இலைகளில் பழமும் அவலும் பரப்பியிருந்தது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கேரியரோடு முன் வரிசையில் நின்றார்.

“லெச்சுமி, ஈரல் எனக்குன்னு பூசாரிக்கிட்ட சொல்லிட்டேன்.”

“மதினி, சாமி காரியம் முடியட்டும்.”

“முடிஞ்ச பெறகு சொன்னா யாரு குடுப்பா?”

சாமிக்கடா மாலை போட்டுக்கொண்டு சந்தோஷமாக வந்திருந்தது. வழியிலேயே மாலையில் பாதியைத் தின்றுவிட்டது.

எங்கள் பக்கத்து வழக்கம் இது: நேர்ந்த கடாவின் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிலிர்க்காமல் வெட்டக் கூடாது. மூன்று சொம்பு வரை ஊற்றிப் பார்க்கலாம்.

பூசாரி முதல் சொம்பை ஊற்றினார். தண்ணீர் கொம்புக்கு நடுவில் விழுந்து, காதுகளின் வழியாக ஓடி, தாடியில் சொட்டியது. கடா மாலையில் மீதியை மென்றது. வருடத்தில் முக்கால்வாசி மழை பெய்யும் ஊரில் பிறந்து வளர்ந்த ஆடு. ஒரு சொம்புத் தண்ணீர் அதற்கு ஒரு செய்தியாகவே படவில்லை. இதுவும் என் தாளில் இல்லாத விஷயம்.

“ஏத்துக்க சாமி” என்றார் அம்மா, உதடு மட்டும் அசைய.

இரண்டாவது சொம்பு. கடா கண்ணை மூடித் திறந்தது. தப்பு நின்றது. எல்லோரும் கடாவைப் பார்த்தார்கள்; அம்மா அப்பாவின் காலைப் பார்த்தார்.

“காதுக்குள்ள ஊத்துங்க பூசாரி. காதுல போனா சிலுப்பும்” என்றார் அத்தை.

“இது என்னா காதுவலிக்கு மருந்தாக்கா? பேசாம நில்லுங்க.”

அப்போதுதான் கீழே சின்னத் தேயிலைக் காணி வைத்திருக்கும் சுனில் மாமா பாதையில் ஓடிவந்தார். அவர் பாதி தமிழ் பேசுவார், அவசரத்தில் அந்தப் பாதியும் சிங்களமாகிவிடும்.

“நங்கி! பல்லா எனவா! கொட்டிலும் எனவா!”

தங்கச்சி, நாய் வருகிறதாம். கொட்டிலும் வருகிறதாம்.

திருப்பத்தில் முதலில் செம்மஞ்சள் தெரிந்தது. மேஜர் அவசரப்படவில்லை. கயிறு நேராக இழுபட்டிருந்தது. கயிற்றின் முனையில் நடுத்தூண். தூணோடு கூரைத் தகரம் இரண்டு, கல்லில் இழுபட்டு அதிர்ந்துகொண்டு வந்தன. வேறு எந்த லயத்து ஆட்களோ நேர்த்தியோடு வருகிறார்கள் என்று நினைத்து, தப்படிப்பவர்கள் திரும்பவும் அடிக்கத் தொடங்கினார்கள். தகரத்துக்குப் பின்னால் பத்து ஆடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக, விசேஷத்துக்கு வரும் குடும்பம் போல வந்தன.

மேஜர் குரைக்கவில்லை. பல்லைக் காட்டவில்லை. கூட்டம் தானாக வழிவிட்டது. அது நேராகச் சாமிக்கடாவிடம் போய், முகத்தை முகர்ந்து, கண்ணோரம் வழிந்த மஞ்சள் தண்ணீரை நக்கித் துடைத்தது. பிறகு பூசாரியை ஒருமுறை பார்த்தது. பிறகு கடாவின் முன்னங்கால்களை ஒட்டி, குறுக்கே படுத்துக்கொண்டது.

“மேஜர், எழும்பு” என்றேன், திங்கட்கிழமைக் குரலில்.

கேட்டது. யோசித்தது. தலையை முன்னங்கால்மேல் வைத்துக்கொண்டது.

“என்னா புள்ள இது? நீ பாத்துக்கிறேன்னியே” என்றார் பூசாரி.

“கயிறு அறுபடல மாமா.”

“அது தெரியுது.”

பூசாரி மூன்றாவது சொம்பைத் தூக்கினார். இனி எல்லாம் சாமி பாடு என்று முடிவெடுத்தவரைப் போலக் கண்ணை மூடி ஊற்றினார். கடாவுக்குப் போனது கொஞ்சம். மீதி எல்லாம் மேஜரின் கழுத்திலும் முதுகிலும் விழுந்தது.

மேஜர் எழுந்து நின்றது. சிலிர்ப்பு மூக்கில் தொடங்கியது. காது, கன்னம், தோள் என்று இறங்கி, விலாவைச் சுற்றி, செம்மஞ்சள் பட்டியின் கொக்கிகள் கலகலக்க, இடுப்பைத் தாண்டி வால் நுனியில் போய் முடிந்தது. ஐம்பத்தெட்டுக் கிலோவும் சிலிர்த்தது. கற்பூரம் அணைந்தது. பூசாரியின் முகம், அம்மாவின் சேலை, தப்பின் தோல், அத்தையின் கேரியர் எல்லாவற்றிலும் மஞ்சள் புள்ளிகள்.

கடா மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

“சிலுப்பிருச்சு” என்றார் தப்படிப்பவர்.

“எது சிலுப்புச்சு?” என்றார் அத்தை.

பூசாரி துண்டால் முகத்தைத் துடைத்தார். அவருடைய மற்றக் கையில் கத்தி இருந்தது. கூட்டத்தின் கண்கள் கத்திக்குப் போய், நாய்க்கு வந்து, மறுபடி கத்திக்குப் போயின.

“அண்ணே, வேணாம்ண்ணே” என்றார் அம்மா.

நான் எப்போது மேஜருக்கு முன்னால் போய் நின்றேன் என்று தெரியவில்லை. பயிற்சியில் அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுக்கவில்லை. கூர்மையான ஆயுதத்துக்கும் இலக்குக்கும் நடுவில் நிற்கக் கூடாது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

“ஏன் புள்ள இப்படிப் பாக்குற?” என்றார் பூசாரி. “நான் என்னா பைத்தியமா, இந்த மாட்ட வெட்ட?” கத்தியைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். ஈரக் கையை உதறினார். “முனி வேட்டைக்குப் போற சாமி. நாய் இல்லாம ஒத்தையில போவாரா? இத்தன வருசம் ஆடு, சேவல்னு குடுத்தோமே, எவனாச்சும் ஒரு நாய் குடுத்தோமா? வேணும்ங்கிறதக் கேட்டு வாங்கிட்டாரு.”

“அப்ப கடா?” இது அத்தை.

“மூணு சொம்புக்கும் சிலுப்பல. சாமி வேணாம்னுட்டாரு. இனி அத ஒருத்தரும் தொடக் கூடாது.”

அத்தை கேரியரின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு மூடினார்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அழத் தொடங்கியிருந்தார். “நான் கடாவைத்தான சொன்னேன்? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சொன்னது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். மாத்திக் குடுத்தா எப்படிண்ணே முடியும்? முடியாமப் போச்சுன்னா அவரு காலு…”

என்னிடம் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. நான் செய்த ஏற்பாட்டால் அம்மா இன்னும் எத்தனை வருடம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறார் என்று அப்போதுதான் கணக்கிட்டேன். அன்று முழுவதிலும் என்னால் சிரிக்க முடியாத, இன்றும் சிரிக்க முடியாத இடம் இதுதான்.

இதற்கிடையில் பத்து ஆடுகளும் சும்மா இருக்கவில்லை. பழமும் அவலும் முடிந்திருந்தன. சாமிக்கடாவின் தாய், அன்றைக்குப் பால் கொடுக்காத அதே ஆடு, முனியின் கல்லில் சுற்றியிருந்த சிவப்புப் பட்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தது. பட்டு அவிழ்ந்து வந்தது. கூட்டம் “ஏய்!” என்று கத்தியதில் ஆடு மிரண்டு, பட்டோடு ரப்பர் மலைக்குள் ஓடியது.

அப்பா ஓடினார்.

“ஏய்! சாமி பட்டு! விடு! விடுடீ!”

மரங்களுக்கு நடுவில் வளைந்து ஓடினார். இறக்கத்தில் தண்ணீர் போகும் கான் ஒன்று குறுக்கே இருந்தது. அதைத் தாண்டினார். அந்தப் பக்கம் பட்டின் வாலைப் பிடித்து, ஆட்டோடு வட்டம் சுற்றி, வாயிலிருந்து பிடுங்கினார். பிறகு கானைத் திரும்பவும் தாண்டி, மூச்சு வாங்க ஏறி வந்தார்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாங்க.”

“என்னா?”

“கோலு எங்க?”

அப்பா தன் கைகளைப் பார்த்தார். இரண்டிலும் பட்டுத்தான் இருந்தது. “இங்கதான் எங்கயோ போட்டேன்.”

“ஓடுனீங்க.”

“ஆடு சாமி பட்ட எடுத்துக்கிட்டு ஓடுது. நான் நடந்தா போவேன்?”

அம்மா பட்டை வாங்கி, எச்சில் பட்ட முனையைத் தண்ணீரில் அலசி, கல்லுக்குத் தன் கையாலேயே சுற்றினார். கல்லின் முன்னால் உட்கார்ந்தார். கும்பிட்டார். “சரி” என்றார். கணக்குத் தீர்ந்த இருவர் பேசிக்கொள்ளும் குரலில் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

எட்டாவது வரி அதுதான்: அப்பா ஓடினார்.

சாமிக்கடாவின் கழுத்தில் மாலை மிஞ்சியிருக்கவில்லை. பூசாரி புதிதாக ஒரு செவ்வரளி மாலையை எடுத்து, பட்டிக்கு மேலாகவே மேஜருக்குப் போட்டார். அது மறுக்கவில்லை. கடாவும் அருகில் வந்து அந்த மாலையையும் தின்னத் தொடங்கியது. (அரளி ஆட்டுக்கு விஷம் என்று அப்பா பாய்ந்து பிடுங்கினார். அன்று நான் கையில் எடுக்காமலே தடுக்கப்பட்ட ஒரே ஆபத்து அது.)

நாற்பது பேருக்கும் மத்தியானச் சோறு போட வேண்டும். தோட்டத்துக் கடையில் இருந்த சோயா மீட் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் வாங்கினோம். கறிக்கு அரைத்து வைத்திருந்த மசாலாவிலேயே அம்மா அதைச் சமைத்தார். நன்றாகத்தான் இருந்தது. அத்தை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். கேரியரில் போட்டுத் தரட்டுமா என்று நான் கேட்டேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் மேஜரின் மூன்று நாள் பார்வை மொத்தமும் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், இலையில் கறி விழுந்ததும் அத்தை குனிந்து உற்றுப் பார்ப்பார். “ஆடுதானே? செல்லையா மக நாயக் கட்டி வச்ச அன்னைக்குப் போட்ட ஆடு இல்லியே?” என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார்.

வீட்டில் நடப்பது வேறு. நான் எதையாவது உறுதியாகச் சொல்லத் தொடங்கினால் போதும். பஸ் இத்தனை மணிக்கு வரும், இந்தச் சுவரில் ஆணி தாங்கும், இந்த மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள் இல்லை என்று எதுவாக இருந்தாலும் சரி, அப்பா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த பணிவோடு, “பாப்பா, அந்தத் தூணு…” என்பார். வாக்கியத்தை முடிக்கமாட்டார். இப்போது அம்மாவும் சொல்கிறார். போன மாதம் கைப்பேசியில் வேலைத்தளத்துக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சுனில் மாமாவின் குரல் கேட்டது: “நங்கி, அந்தத் தூணு?”

வேலைத்தளத்தில் நான் இப்போது பட்டியைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் அது மாட்டப்படும் இடத்துக்குப் போய், இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன். ஆட்கள் சிரிக்கிறார்கள். காரணம் சொன்னதில்லை.

நடந்து மூன்று வருடமாகிறது. மேஜருக்கு ஒன்பது வயது. அது முனியாண்டியின் சொத்து, எங்கள் கொட்டிலில் இருக்கிறது. பூசைப் பொங்கலில் முதல் பங்கு அதற்கு; முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். சாமிக்கடாவை விற்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. லயத்தில் எல்லோருடைய போஞ்சிப் பந்தலையும் தின்கிறது. கொட்டிலுக்குப் புதுத் தூண் போட்டோம், கொங்கிரீட். அப்பாவுக்கு மழைக்குக் கால் இழுக்கிறது. கோலை ஆடு ஓட்ட வைத்திருக்கிறார். அவர் குளிக்கப் போகும்போது அம்மா கதவடியில் நிற்பதில்லை.